தனியாக யாழ்ப்பாணம் ஓட்டுமுன் வீல் நட்டை ஒருதரம் இளக்கிப் பாருங்கள்

கொழும்பிலிருந்து தனியாக யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கார் ஓட்டிப் போகவிருக்கும் பெண்கள், வழியில் பஞ்சரானால் சில்லை நீங்களே கழற்ற முடியுமா என்று அறிய, முதல்நாளே வீட்டு வாசலில் வைத்து, காரோடு வந்த ஸ்பானரால் வீல் நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி உடனே திரும்ப இறுக்கிவிடுங்கள். ஜாக் வேண்டாம், சில்லு நிலத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

டயர் கடைகளில் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் ஓடும், துப்பாக்கி போன்ற கருவியால்தான் இறுக்குகிறார்கள். அந்த இறுக்கத்தைக் கையால் அசைக்க ஆண்களே திணறுவார்கள். அப்படி அசையாவிட்டால், ஸ்பானரின் பிடி உங்கள் இடப்பக்கம் கிடையாக வரும்படி மாட்டி, நுனியில் காலை வைத்து மிதியுங்கள். பிடியில் ஒரு இரண்டடி இரும்புக் குழாயைச் செருகினால் இன்னும் லேசு. குழாயை டிக்கியிலேயே போட்டுவையுங்கள். இறுக்கும்போது மட்டும் அது வேண்டாம், போல்ட் முறியும். ஸ்பெயார் சில்லில் காற்று இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அதைத்தான் எல்லாரும் மறப்பது.

வாகன் ஆர் போன்ற சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லே கிடையாது, பஞ்சர் அடைக்கும் திரவமும் சின்னப் பம்பும்தான். அப்படியென்றால் இந்த வேலையை விட்டு, போத்தலின் காலாவதித் திகதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது.

ஓமந்தை, மாங்குளம் பக்கம் இருட்டில் பஞ்சரானால் நட்டு இளகுமா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளிச்சமுள்ள பெற்றோல் ஷெட் வரை மெதுவாக உருட்டிப் போங்கள், டயர் போனால் போகட்டும்.