பேக்கர்ஸ் பயிற்சி முகாமை முதன்முறை பார்க்கச் செல்பவர்களுக்கு: ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தைப் புரிந்துகொள்ள விரும்பும் புதியவர்களிடம், ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவதற்கு முன்பு ஒரு நாள் பயிற்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றே நான் சொல்வது வழக்கம். ஆட்டத்தில் 22 பேரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். நான்கைந்து விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கண் பழகாதவருக்கு அதில் பந்து மட்டுமே தெரியும். பயிற்சி முகாமிலோ அதே ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பலமுறை திரும்பச் செய்கிறார்கள். வேலிக்கு அருகில் நின்றால், பயிற்சியாளர் ஒரு வீரரின் காலடியைத் திருத்துவதைக்கூட நேரில் பார்க்கலாம்.

இதற்கு மிகப் பொருத்தமான இடமாக நான் கருதுவது விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே. மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய அந்தச் சிறு நகரம், 1919இல் தொடங்கப்பட்ட பேக்கர்ஸ் அணியை இன்றும் தன்னிடமே வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் பெரும்பாலும் பெருஞ்செல்வர்களின் கையில் இருக்க, 1923 முதல் பங்குதாரர்களுக்கே சொந்தமாக இருந்துவரும் இந்த அணிக்கு இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். முகாமில் உங்கள் பக்கத்தில் நிற்கும் முதியவர் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முகாம் ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் நடைபெறும். அணியின் சொந்த ஆட்டக்களமான லாம்போ விளையாட்டரங்கத்துக்குக் கிழக்கே, ஒனைடா தெருவுக்கு அப்பால் இருக்கும் ரே நிட்ச்கி மைதானத்தில் நடக்கும் பொதுப் பயிற்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எல்லா நாள்களும் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. அணியின் இணையதளத்தில் வெளியாகும் அட்டவணையைப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய இரவும், புறப்படும் காலையும் மறுபடி பாருங்கள். இடி மின்னல் வந்தால் பயிற்சி டான் ஹட்சன் மையம் என்னும் உள்ளரங்கத்துக்கு மாறிவிடும். அங்கே பார்வையாளர்களுக்கு இடமில்லை. மில்வாக்கியிலிருந்து சுமார் 185 கிலோமீட்டரும் சிகாகோவிலிருந்து 330 கிலோமீட்டரும் வண்டி ஓட்டி வருபவர்கள் வானிலையையும் கணக்கில் கொண்டே நாளை முடிவு செய்ய வேண்டும்.

முகாமின் முதல் நாளிலேயே போய்விட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதல் சில நாள்கள் வீரர்களின் உடலைப் பழக்குவதற்கானவை. அப்போது முழுக் கவசம் அணிந்த மோதல் இருக்காது. வீரர்கள் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி முழுக் கவசப் பயிற்சிகளின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. ஒரே நாளில் இரண்டு முறை கவசத்துடன் மோதவிடும் பழைய வழக்கம் 2011இல் முடிவுக்கு வந்தது. ஆகவே இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதே புதியவர்களுக்கு நல்லது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் லாம்போ அரங்கத்துக்குள் ‘குடும்ப இரவு’ என்ற பெயரில், சீட்டு வாங்கிச் செல்லும் மாலைப் பயிற்சி ஒன்றும் உண்டு. விழாக்கோலத்தைக் காண அது ஏற்றது; கற்றுக்கொள்வதற்கு நிட்ச்கி மைதானமே ஏற்றது.

இரண்டாம் படி: வீரர் பட்டியலை அச்சிட்டுக்கொள்ளுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. முகாமில் ஏறத்தாழ 90 வீரர்கள் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரைத் தீவிர ரசிகர்களே அறிந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்ட நிலைக்கும் எந்தெந்த எண்கள் என்ற வரையறை இருப்பதாலும், சில எண்கள் பழைய மாவீரர்களின் நினைவாக யாருக்கும் தரப்படாமல் ஒதுக்கப்பட்டிருப்பதாலும், முகாமில் ஒரே எண்ணை இருவர் அணிந்திருப்பதைக் காணலாம். ஒருவர் பந்தை முன்னேற்றும் ஆஃபென்ஸ், மற்றவர் அதைத் தடுக்கும் டிஃபென்ஸ். இரு பக்கத்தாருக்கும் ஜெர்சியின் நிறம் வேறு என்பதால், எண்ணையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தே பட்டியலில் தேட வேண்டும். ஆஃபென்ஸை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் அணியும் சிவப்பு ஜெர்சிக்கு, இவரை யாரும் தொடக் கூடாது என்று பொருள்.

அந்த மைதானத்தில் நீங்கள் காணவே முடியாத எண்களில் ஒன்று 66. அது ரே நிட்ச்கியின் எண். 1958 முதல் 1972 வரை, டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராக ஆடிய அவர், 1960இல் ஒரு பயிற்சியின்போது வீசிய பெருங்காற்றில் படப்பிடிப்புக் கோபுரம் சரிந்து தம்மீது விழுந்தும் உயிர் தப்பினார். கோபுரத்தின் இரும்பு ஆணி ஹெல்மெட்டைத் துளைத்ததே தவிர, தலையைத் துளைக்கவில்லை. துளை விழுந்த அந்த ஹெல்மெட், லாம்போ அரங்கத்துக்குள் உள்ள பேக்கர்ஸ் புகழ்க் கூடத்தில் இருக்கிறது. நேரம் இருந்தால் பயிற்சி முடிந்த பிறகு போய்ப் பாருங்கள்.

மூன்றாம் படி: குழந்தை உடன் வந்தால் சைக்கிளையும் கொண்டுவாருங்கள்

பேக்கர்ஸ் முகாமுக்கே உரிய வழக்கம் இது. வின்ஸ் லோம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்தில் வேரூன்றிய இவ்வழக்கப்படி, வீரர்கள் உடை மாற்றும் லாம்போ அரங்கத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்குச் சிறுவர்களின் சைக்கிளில் போகிறார்கள். சைக்கிளுக்கு உரிய குழந்தை, வீரரின் ஹெல்மெட்டைக் கையில் ஏந்தியபடி பக்கத்தில் ஓடிவரும். முன்வரிசையில் நின்று மோதும், நூற்று நாற்பது கிலோ எடையுள்ள லைன்மேன் ஒருவர், எட்டு வயதுச் சிறுமியின் சைக்கிளில் முழங்கால்கள் மார்பைத் தொட மிதித்துச் செல்வதையும், அவருடைய ஹெல்மெட்டைச் சுமக்கும் பெருமையில் அந்தச் சிறுமியின் முகம் மலர்ந்திருப்பதையும் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பயிற்சி தொடங்குவதற்கு வெகு முன்பே வந்து, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும். எந்த வீரர் எந்தச் சைக்கிளை எடுப்பார் என்பது அவருடைய விருப்பம். நட்சத்திர வீரர்தான் வர வேண்டும் என்று குழந்தையிடம் ஆசையை வளர்க்காதீர்கள். அணியில் இடம் கிடைக்குமா என்று தெரியாத இளம் வீரர்கள்தாம் பெரும்பாலும் குழந்தையிடம் நின்று பேசி வருகிறார்கள் என்பது நான் கண்டது.

நான்காம் படி: நிற்கும் இடத்தை யோசித்து முடிவு செய்யுங்கள்

படிவரிசை இருக்கையின் உயரமான பகுதியில் அமர்ந்தால் முழு அணியும் அசைவது தெரியும். வேலியோரம் நின்றால் ஒலிகள் கேட்கும், முகங்கள் தெரியும். முதல் முறை செல்பவர்கள் பாதி நேரம் கீழேயும் பாதி நேரம் மேலேயும் செலவிடலாம். தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர் ஆகியவை தேவை. சிறு பைனாகுலர் இருந்தால் மிகவும் நல்லது. பை, கேமரா குறித்த விதிகளை முன்பே படித்துவிடுங்கள். பயிற்சியைக் காணொளியாகப் பதிவு செய்வதைப் பல அணிகள் அனுமதிப்பதில்லை. வகுத்துவைத்த உத்திகள் எதிரணிகளுக்குத் தெரிந்துவிடும் என்பதே காரணம். அந்த விதியை மனமார மதியுங்கள்.

ஐந்தாம் படி: பந்தைப் பார்க்காதீர்கள்

நான் முதன்முறை சென்றபோது பயிற்சி முழுவதும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பிய பிறகு யோசித்தால் ஒன்றும் தெளிவாக நினைவில் இல்லை. அடுத்த முறை பட்டியலின் கடைசிப் பகுதியிலிருந்து ஒரே ஒரு லைன்மேனைத் தேர்ந்தெடுத்து, அவரை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தேன். அன்றுதான் இந்த விளையாட்டு எனக்குப் பிடிபடத் தொடங்கியது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உடலைத் தளர்த்தும் பயிற்சி முடிந்ததும் வீரர்கள் ஆட்ட நிலைவாரியாகப் பிரிந்து மைதானத்தின் மூலைகளுக்குப் போவார்கள். பார்வையாளர்களில் பலர் இந்த நேரத்தில் தின்பண்டம் வாங்கப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. உங்கள் வீரர் தம் முதல் காலடியை எந்தக் கோணத்தில் வைக்கிறார், கைகள் எதிராளியின் மார்பில் படுகின்றனவா அல்லது தோளுக்கு வெளியே நழுவுகின்றனவா என்று கவனியுங்கள். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டால், பின்னர் உங்கள் வீரர் வெல்வதற்கும் தோற்பதற்கும் காரணம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து வருவது ‘ஒன்-ஆன்-ஒன்’. ஒரு பக்கம் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்கும், மறுபக்கம் ஆஃபென்ஸ் லைன்மேனும் டிஃபென்ஸ் லைன்மேனும் தனித்தனியாக மோதுவார்கள். கூட்டம் ரிசீவர்கள் பக்கம் சாயும். நீங்கள் லைன்மேன்களிடம் நில்லுங்கள். ஒவ்வொரு மோதலும் மூன்று நான்கு விநாடிகள்தாம். இதில் டிஃபென்ஸ் வீரருக்கே வசதி அதிகம், ஏனெனில் ஆட்டத்தில் ஆஃபென்ஸ் லைன்மேனுக்குக் கிடைக்கும் பக்கத்துத் துணை இங்கே கிடையாது. ஆகவே உங்கள் வீரர் பாதி முறை தோற்றாலும் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தலைகளில் ஹெல்மெட்டுக்கு மேல் பொருத்தியிருக்கும் மெத்தை போன்ற உறை, மோதலின் அதிர்வைக் குறைப்பதற்காக 2022 முதல் என்எஃப்எல் முகாம்களில் லைன்மேன்கள் உள்ளிட்ட சில நிலைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு.

‘செவன்-ஆன்-செவன்’ பகுதியில் லைன்மேன்கள் இருக்க மாட்டார்கள். குவார்ட்டர்பேக்கைத் துரத்த ஆள் இல்லாததால் பந்துகள் அழகாகப் போய்ச் சேரும். அதைக் கண்டு ஒரு குவார்ட்டர்பேக்கின் தரத்தை முடிவு செய்வது, வலையில் ஆடும் மட்டையாளரைக் கண்டு சதம் அடிப்பார் என்று சொல்வதற்கு ஒப்பானது.

பதினொருவருக்குப் பதினொருவர் ஆடும் முழு அணிப் பயிற்சிதான் இறுதித் தேர்வு. இங்கும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரும்பாலும் யாரையும் தரையில் வீழ்த்த மாட்டார்கள். தோளால் முட்டியதும் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக்கை நெருங்கியவர் விலகி ஓடிவிடுவார். ஆகவே நீண்ட ஓட்டம் போலத் தெரிவது, உண்மை ஆட்டத்தில் இரண்டு கெஜத்தில் முடிந்திருக்கக்கூடும். எந்தக் குழு முதலில் இறங்குகிறது, எது இரண்டாவது, எது மூன்றாவது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேற்று மூன்றாம் குழுவில் நின்றவர் இன்று இரண்டாம் குழுவோடு இறங்கினால், அதுவே அன்றைய பெரிய செய்தி.

உதையும் துரத்தலுமான ‘ஸ்பெஷல் டீம்ஸ்’ பயிற்சியின்போது எழுந்து போய்விடாதீர்கள். அணியின் கடைசிச் சில இடங்களை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான்.

ஆறாம் படி: கையெழுத்து

பயிற்சி முடிந்ததும் சில வீரர்கள் வேலியருகே வருவார்கள். மற்றவர்கள் அதே சைக்கிள்களில் திரும்பிவிடுவார்கள். தடித்த முனைப் பேனாவும் ஒரே ஒரு பொருளும் கையில் இருக்கட்டும். குழந்தைகளை முன்னால் விடுங்கள். பயிற்சி நடக்கும்போது எவரையும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். காலைத் தாங்கியபடி போகும் வீரரைப் படம் எடுக்காதீர்கள். அந்த நாளில் அவருடைய வேலையே ஊசலாடிக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் பின்தொடர்ந்த வீரர் அருகே வந்தால், அவர் பெயரைச் சொல்லி, ஒன்-ஆன்-ஒன்னில் நீங்கள் கண்ட ஒரு நல்ல மோதலைக் குறிப்பிட்டு வாழ்த்துங்கள். நான் அப்படிச் சொன்னபோது, அந்த இளைஞர் கையெழுத்திடுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்து, எந்த மோதல் என்று கேட்டார்.

பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஆகஸ்ட் இறுதியில் அணி 90 பேரிலிருந்து 53 பேராகக் குறைக்கப்படும். அன்று வெளியாகும் அறிவிப்பில் அவருடைய பெயரைத் தேடுங்கள்.