பழைய வகுப்புத் தோழர்களைத் தேடுகிறீர்களா? டீக்கடையிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி நண்பர்கள் ஒன்றுகூட வேண்டும் என்று தோன்றியதும் எல்லோரும் முதலில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறார்கள், அடுத்த வாரமே மண்டபம் பார்க்கப் போய்விடுகிறார்கள். இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நாங்கள் 1994-ல் மதுரையில் பத்தாவது எழுதியவர்கள். முதல் தடவை கூடியபோது குரூப்பில் 28 பேர் இருந்தோம், அத்தனை பேரும் பத்தாவது பாஸ் பண்ணி மேலே படித்தவர்கள். ஃபெயிலாகி நின்றவர்கள், எட்டாவதோடு பட்டறைக்கும் ஜவுளிக்கடைக்கும் வேலைக்குப் போனவர்கள், ஒருத்தர்கூட இல்லை. எங்கள் வகுப்பில் சரிபாதி அவர்கள்தான். சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம், வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டாவது முறை, 2024-ல், வேறு மாதிரி செய்தோம். அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். நடுவில் பள்ளி கேட்டை வரையுங்கள். பெயர்ப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கேட்டுக்கு வெளியே இருந்த கடைகளை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். தேன்மிட்டாயும் கமர்கட்டும் விற்ற பெட்டிக்கடை, உப்பு மிளகாய்த்தூள் தூவி மாங்காய்ப் பத்தை கொடுத்த பாட்டி உட்காரும் இடம், சேமியா ஐஸ் வண்டி, மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடை, பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடை, பெஞ்சு போட்ட டீக்கடை. தனியாக வரையாதீர்கள், மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்காருங்கள். "வகுப்பில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் பத்துப் பெயரோடு நின்றுவிடும். "சைக்கிள் கடையில் யாரோடு போவோம்?" என்று கேட்டுப் பாருங்கள், முப்பது வருடமாக நினைக்காத ஒருவன் பின்சீட்டில் உட்கார்ந்து வருவான். எங்களுக்கு அந்த ஒரு சாயங்காலத்தில் மட்டும் 19 பேர் புதிதாகக் கிடைத்தார்கள். நிறையப் பேருக்குப் பட்டப்பெயர்தான் ஞாபகம் இருக்கும், பரவாயில்லை, அதையே எழுதுங்கள்.

வருடத்தில்தான் குழப்பம் வரும். "எட்டாவதா ஒன்பதாவதா" என்று சண்டை போடாமல் ஊரில் நடந்த மாற்றங்களை வைத்துக் கேளுங்கள். மதுரைக்காரர்களுக்கு நல்ல அளவுகோல், பஸ் ஸ்டாண்டு மாட்டுத்தாவணிக்குப் போவதற்கு முன்னாடியா பின்னாடியா என்பது. தியேட்டர்களும் உதவும். 1952-ல் திறந்து, ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமையாகச் சொன்ன தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. ஆனாலும் எந்தப் படத்துக்கு யாரோடு எந்தத் தியேட்டருக்குப் போனோம் என்பது யாருக்கும் மறப்பதில்லை. சென்னைக்காரர்களுக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருக்கிறது. 1962-ல் தொடங்கி 2008-ல் மூடிய அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா.

கடை போய்விட்டது என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அதில் வேலை பார்க்கும் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டு கடை தள்ளி இஸ்திரி போடுகிற பெரியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தையல்காரர், இஸ்திரிக்காரர், கோயில் வாசலில் பூ விற்பவர், இவர்கள்தான் இடம் மாறாமல் இருப்பவர்கள். போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். டீக்கடை அண்ணாச்சி கணக்கு நோட்டு வைத்திருந்தார், அதில் பள்ளியை விட்டு நின்ற பையன்களுக்கும் பக்கம் இருந்தது என்று இஸ்திரிப் பெரியவர் சொன்னபோது, எந்தப் பையன் எந்தப் பட்டறைக்குப் போனான் என்பதையும் சேர்த்தே சொன்னார். நான்கு பேரை அப்படித்தான் பிடித்தோம்.

ஒயின்ஷாப்பையும் கேட்கத்தான் வேண்டும். 2003 கடைசி வரை தனியார் கடைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு முதலாளி. சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போனதும் பெயர்கள் போய்க் கடை எண் வந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலை ஓரம் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடியபோது, மிச்சமிருந்த பழைய இடங்களும் பல ஊர்களில் காணாமல் போயின. இருபது வயதில் கூடி உட்கார்ந்து பேசிய இடம் சிலருக்கு அதுதான், அதனால் வரைபடத்தில் அதற்கும் இடம் கொடுங்கள். ஆனால் சந்திப்பில் சரக்கு வேண்டவே வேண்டாம். பெண்கள் வர மாட்டார்கள், குடியை விட்டவர்களும் வர மாட்டார்கள். எங்கள் நண்பன் ஒருவன் ஃபோனில் கேட்ட ஒரே கேள்வி, "அங்க சரக்கு இருக்குமாடா?" இருக்காது என்றதும்தான் வருகிறேன் என்றான்.

அடுத்து பள்ளி. சேர்க்கைப் பதிவேட்டில் எல்லோருடைய பெயரும் இருக்கும், அப்பா பெயரும் அப்போதைய விலாசமும் சேர்த்து. தலைமையாசிரியருக்கு முறையாகக் கடிதம் கொடுத்து, அவர் அனுமதித்தால் அங்கேயே உட்கார்ந்து பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து குரூப்பில் போடாதீர்கள். அதில் சாதியும் இருக்கும், ஒருவனைத் தேடுவதற்கு அது நமக்குத் தேவையே இல்லை. குரூப் போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் அட்டையின் கீழே ஸ்டூடியோ பெயரும், 'இடமிருந்து வலம்' என்று பெயர்களும் இருக்கும். ஆட்டோகிராஃப் நோட்டுகளைத் தேடி எடுங்கள், விலாசத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

பெண்களைத் தேடும்போது கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும் என்பதால் ஃபேஸ்புக்கில் பழைய பெயரைப் போட்டால் கிடைக்காது. அம்மா வீட்டு வழியாகத்தான் போக வேண்டும், அதையும் ஒரு பெண்ணே பேசுவதுதான் சரி. எங்களுக்கு ஒரு தோழி 14 பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

இனி ஃபோனில் பேசுவது. இதில்தான் நான் தப்பு செய்தேன். எட்டாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய நம்பர் கிடைத்ததும், என் முழுப்பெயரையும் பார்க்கும் வேலையையும் சொல்லி ஆரம்பித்தேன். "சொல்லுங்க சார்" என்றான். அந்த 'சார்' இன்னும் காதிலேயே இருக்கிறது. அப்புறம் சைக்கிள் கடையைச் சொன்னேன், வைகை மணலில் இரண்டு பேரும் சைக்கிளோடு விழுந்ததைச் சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டேய் மாப்ள, நீயாடா?" என்றான். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நான் எட்டாப்போட நின்னுட்டேன்டா, நான் எப்படி அங்க வர்றது?" என்று கேட்டான். அதனால் பட்டப்பெயர், தெரு, ஒரு பழைய சம்பவம், இப்படித் தொடங்குங்கள். "இப்ப என்ன பண்ற?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழிலும் 'பத்தாம் வகுப்பு மாணவர்கள்' என்று போடாமல் 'ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்' என்று போட்டோம், அவன் வந்துவிட்டான்.

தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலிக்காதீர்கள். மூடிய உண்டியல் ஒன்று வையுங்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கவும் வேண்டாம், மைக்கில் வாசிக்கவும் வேண்டாம். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம், லீவு கிடைக்காது. தேதி வைக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். மண்டபம் வேண்டாம், பள்ளியிலேயே ஒரு வகுப்பறை கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி, பக்கத்தில் பேனா வைத்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் எதுவும் தேவைப்படாது.

இறந்துபோனவர்களின் பெயர் தேடும்போதே தெரிய வரும். எங்களில் ஐந்து பேர். மேடையில் மௌன அஞ்சலியோடு முடிக்காமல், சந்திப்புக்கு முந்தின வாரமே அவர்கள் வீட்டுக்கு இரண்டு இரண்டு பேராகப் போய் வாருங்கள், குரூப் போட்டோவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு. ஒரு வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். மகனுடைய சின்ன வயதுப் படம் எதுவும் அவரிடம் இல்லை. இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது என்று காட்டினோம்.