ஊமையாகிப்போன தைவதம்

ஜூன் பள்ளி விடுமுறை. சிங்கப்பூர் யீஷூன் வீட்டில் மகனும் நானும் வீடியோ விளையாட்டான மைன்கிராஃப்ட்டில் மோகன ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை ஸ்வரங்கள், வாசிக்கப் பார்த்தோம். ச ரி க ப த ச. ஸ்வரம் எழுப்பும் பெட்டியான நோட் பிளாக்கை ஒருமுறை தட்டினால் சுருதி அரைக்கட்டை ஏறும். ஆக 0, 2, 4, 7, 9, 12 தட்டு. புல்லாங்குழல் ஒலி வேண்டுமென்றால் அடியில் களிமண் பிளாக்.

ஓடவிட்டால் ச, ரி, க, ப... ஒரு மௌனம், பிறகு மேல் ச. ‘த’ என்ற தைவதத்தைக் காணோம்! பிளாக்குகளை இணைக்கும் மின்கம்பி போன்ற ரெட்ஸ்டோனைப் பிரித்துப் பிரித்துப் போட்டே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், அழகுக்காக மகன் தைவத பிளாக்கின் தலையில் கண்ணாடி பிளாக் வைத்திருக்கிறான். நேர் மேலே காலியாக இல்லாவிட்டால் நோட் பிளாக் வாயே திறக்காது. கண்ணாடியை எடுத்தேன், பாடியது.

வேகம் இன்னொரு தொல்லை. ஸ்வரங்களுக்கிடையே தாமதம் தரும் ரிப்பீட்டரை வைத்தபடியே விட்டால் 0.1 நொடிதான், ஸ்வரங்கள் எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுவதுபோல் ஓடின. ஒவ்வொன்றையும் மூன்று தட்டுத் தட்டி 0.4 நொடியாக்கினேன். நோட் பிளாக்கில் எண்ணிக்கை தவறினால் 24 வரை போய்ச் சுற்றி வர வேண்டாம். உடைத்து மறுபடி வைத்தால் 0.

“அப்பா, உங்களுக்கு எண்ணவே தெரியல” என்றான், கண்ணாடி வைத்தவன்.