வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நாகூரில் வடக்கே போகும் பஸ் ஏறினால், நடத்துநர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் வாஞ்சூர் வந்துவிடும். சோதனைச்சாவடிக்கு அப்பால் காரைக்கால், அதாவது புதுச்சேரி அரசு. எங்கள் முதலாளிக்கு இரு பக்கமும் ஒவ்வோர் அரிசி ஆலை உண்டு. இரண்டுக்கும் பாதுகாப்புப் பதிவேடு எழுதுவது நான்தான். இரு அரசுகளின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களிடம், முதலில் விதிப்புத்தகத்தை எடுங்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. அண்மைவரை இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மத்தியச் சட்டம். 1963இல் அது புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்ற 21ஆம் பிரிவு இங்கும் அங்கும் ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு அதன் கீழ் வகுத்த விதிகளில் வருகிறது. தமிழ்நாட்டுக்கு 1950ஆம் ஆண்டு விதிகள், புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டு விதிகள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஐப்பசி மழையில், காரைக்கால் ஆலையில் நெல்லை மேலேற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் நசுங்கின. அடைத்த நெல்லைத் தள்ளிவிடத் தடுப்புத் தகட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. காயம்பட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 88ஆம் பிரிவு. ராத்திரியே எழுதி மறுநாள் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. படிவத்தின் தலையிலேயே தமிழ்நாடு விதிகள் என்று அச்சடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டில் மூன்று பத்தி போட்டு வைத்திருக்கிறேன்: கேள்வி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிரிவு எண்ணை வரிசையாக எழுதினால் கண்தான் வலிக்கும். ஆலையில் நெல் போகும் வழியே போங்கள். அவியலுக்கு வந்தால் பாய்லர். தமிழ்நாட்டில் அதற்குக் கொதிகலன்கள் இயக்ககம். ஆலையின் மற்றவற்றுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புதுச்சேரியில் இரண்டுக்கும் ஒரே தலைமை ஆய்வாளர். அலைச்சல் அங்கே குறைவு என்பது என் அனுபவம்.

ஓர் ஆலை தொழிற்சாலையா என்று பார்ப்பதில் அதிகம் தப்புகிற இடம் ஆள் எண்ணிக்கை. மின்சாரம் ஓடினால் 10 பேர், ஓடாவிட்டால் 20 பேர் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவு. அதுவும் முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் அத்தனை பேர் இருந்தாலே போதும். ஆகவே ஆடி மாதத்து ஆள்கணக்கைக் காட்டாதீர்கள், தை அறுவடை நாளை எண்ணுங்கள். ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் மூட்டை தூக்குகிறவர்களும் கணக்கில் உண்டு. அதற்கும் குறைவான ஆட்கள் இருக்கும் இடத்தைக்கூட, 85ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு அறிவிக்கை போட்டுச் சேர்த்துவிட முடிந்தது. அந்த அறிவிக்கைகள் விதிப்புத்தகத்தில் இருக்காது, அரசிதழில்தான் தேட வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் தொழிற்சாலை என்பதற்கான அளவு 20, 40 என உயர்ந்திருக்கிறது. பரபரப்பான நாளிலும் 14 பேர் மட்டுமே இருக்கும் ஆலை இனித் தொழிற்சாலை ஆகாது. முதலாளி இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். 10 பேர் வேலை செய்தாலே அது நிறுவனம், பாதுகாப்புக் கடமை விடாது என்று அடுத்த வரியைப் படித்துக் காட்டினேன்.

புதுச் சட்டத்தோடு முரண்படாத வரை பழைய விதிகள் தொடரும், ஒவ்வோர் அரசும் புது விதி வகுக்கும் என்பது ஏற்பாடு. அதனால் நோட்டில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பார்த்த தேதியைக் குறிக்கிறேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற இரண்டு பத்திகளையும் பென்சிலில்தான் எழுதுகிறேன்.