பிசியோதெரபிஸ்டுகள் தங்கள் உடம்புக்கும் மனசுக்கும் செய்யும் தவறுகள்

"குனிஞ்சு தூக்காதீங்க" என்று முதுகுவலிக்காரர்களிடம் நாள் முழுக்கச் சொல்கிறோம். அப்புறம் பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த 80 கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு ஒற்றை ஆளாக மாற்றுகிறோம். நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். அட்டெண்டர் வர ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் முடித்துவிடலாம் என்ற அவசரம்தான் காரணம். காத்திருங்கள். கட்டிலை வீல்சேர் உயரத்துக்கு இறக்கி, பிரேக் போட்டு, நோயாளியின் இடுப்பில் பெல்ட் கட்டிய பிறகு தொடங்குங்கள். உயரம் மாறாத கட்டிலென்றால் துணைக்கு ஆள் வந்தே ஆக வேண்டும்.

கட்டைவிரல் வலியைத் தொழிலோடு வருவது என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து, முதுகு என்று அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சுமை விரலின் அடிமூட்டில் இறங்கும். முழங்கை, மடக்கிய விரல் முட்டி என்று மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியே போதும் என்கிற இடத்தில் கை வைக்கவே வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் வீட்டுக்கே போகிறார்கள். தனியாக ஹோம் விசிட் போகிறவர்களும் ஏராளம். பாயில் படுத்திருப்பவருக்கு நின்றபடி குனிந்து பயிற்சி தராமல், நாமும் தரையில் முழங்காலிட வேண்டும். வண்டியில் போய்வரும் நேரத்தையும் வேலை நேரமாக எழுதுங்கள்.

வேலை அழுத்தத்தால் வரும் கடும் சோர்வு (பர்ன்அவுட்) வந்தால் "எனக்குத்தான் மனவுறுதி இல்லை" என்று நினைப்பது இன்னொரு தவறு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக அல்ல, வேலையிடத்தில் சமாளிக்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவாகவே விவரித்தது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமையாகச் செய்ய முடியாமல் போவது. ஒருவரை வலி குறைக்க மின்சாரம் செலுத்தும் ஐஎஃப்டி மெஷினிலும் இன்னொருவரைக் கழுத்தையோ இடுப்பையோ இழுத்துவிடும் டிராக்‌ஷனிலும் போட்டுவிட்டு மூன்றாமவரை நடக்க வைக்கச் சொல்லும் அட்டவணையை யோகா வகுப்பு சரிசெய்யாது. அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும். தலைக்கணக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இதை எழுத்தில் கொடுங்கள்.

முழுக்கக் குணமானால்தான் வெற்றி என்று எண்ணுவது மனசை அதிகம் அரிக்கிறது. பக்கவாதத்தில் கை பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு நான்கு மாதத்தில் விரல்கள் பாதிதான் விரிந்தன. ஒருநாள் அந்தக் கையாலேயே தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். அன்றிலிருந்து கேஸ் ஷீட்டில் மூட்டுக் கோணத்துக்குப் பக்கத்தில் இதையும் எழுதுகிறேன்: சட்டைப் பட்டன் போட்டார், வாசல்படி இறங்கினார், சாப்பிட்டார்.