ஒளி சிகிச்சை எடுப்பவர்கள் அரித்தால் சொறியாதீர்கள், ஈரத்துணி வையுங்கள்

சொரியாசிஸுக்கு ஒளி சிகிச்சை எடுப்பவர்கள், அரிப்பு வந்ததும் குளிர்ந்த நீரில் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஈரம் காய்வதற்குள் வாசலின் அல்லது மணமில்லாத மாய்ஸ்சுரைசரைப் பூசிவிடுங்கள். மாய்ஸ்சுரைசரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் இன்னும் இதமாக இருக்கும்.

இந்தச் சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் தோலை உலர்த்தும். வறண்ட தோல் அரிக்கத்தான் செய்யும். சொறிந்து காயமானால், நன்றாக இருந்த தோலிலும் நகம் போன கோட்டிலேயே புதுத் திட்டு கிளம்பலாம், பெரும்பாலும் 10 முதல் 20 நாட்களுக்குள். கோப்னர் விளைவு என்பது இதுதான். கதிர் ஒரு பக்கம் ஆற்றிக்கொண்டிருக்க, நகம் மறுபக்கம் கிளறிவிடும். அதனால் நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள், தூக்கத்தில் சொறிபவர்கள் கட்டாயமாக.

சிகிச்சைக்குப் போகும் முன் கெட்டியாக எதையும் பூச வேண்டாம், கதிரைத் தடுக்கும். சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு அப்போது கூடவே கூடாது. தோல் சிவந்து எரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ ஈரத்துணி மட்டும் போதாது, அது கதிர் சுட்ட காயம். அடுத்த முறை விளக்கு முன் நிற்பதற்குள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.