ஹோம் தியேட்டர் கேபிள் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ரிசீவரையும் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) ஸ்பீக்கரையும் மாதக்கணக்கில் அலசி வாங்குகிறவர்கள்கூட, கேபிள் என்று வந்தால் பெட்டியோடு வந்த மெல்லிய ஒயரை மாட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் கடையில் இருப்பதிலேயே விலை அதிகமானதை எடுத்துவிடுகிறார்கள். இந்தக் கேபிள் வழியாக எது போகப்போகிறது, எவ்வளவு தூரம் போகப்போகிறது என்று முதலில் பாருங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம்.

தூரத்தால் அதிகம் அடிபடுவது ஸ்பீக்கர் ஒயர்தான். அதன் மின்தடை கூடினால் ஆம்ப்ளிஃபையரின் சக்தியில் ஒரு பங்கு ஒயரிலேயே வெப்பமாகிப் போகும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் இருக்காது என்பதால், ஒலியின் சமநிலையும் கொஞ்சம் மாறும். போக, வர சேர்த்து ஒயரின் தடை ஸ்பீக்கர் இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம்.

பின்பக்க சரவுண்ட் ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 10 மீட்டர் ஆகிறது என்று வையுங்கள். போக, வர 20 மீட்டர். 24 கேஜ் (கேஜ் என்பது ஒயரின் தடிமனைக் குறிக்கும் எண்) ஒயரில் இதன் தடை சுமார் 1.7 ஓம், அதாவது வரம்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 16 கேஜில் 0.26 ஓம், 14 கேஜில் 0.17 ஓம். ஆக, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 16 கேஜ் போதும். அதுவே 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் வரம்பு 0.2 ஓமாகக் குறைந்துவிடும், 14 கேஜுக்குப் போயே ஆக வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் நிறைய. நீளத்தையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள், ஒயர் போகும் வழியிலேயே டேப்பை வைத்து அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.

தடிமன் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது செம்புதானா என்று பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய ஒயர்கள் ஏராளமாக விற்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தடை மட்டும் ஒன்றரை மடங்கு அளவுக்கு அதிகம், மடக்கி நிமிர்த்தினால் சீக்கிரம் முறிந்தும் போகும். ஒரு இழையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுருளைக் கையில் தூக்கினாலே எடை குறைவாக இருப்பதும் தெரியும். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைக் குறிக்கும் சிசிஏ என்ற எழுத்தை அட்டையில் போட்டிருந்தால் சுரண்ட வேண்டிய வேலையும் இல்லை.

அடுத்த பெரிய தவறு டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் அல்லது ரிசீவருக்கும் நடுவே நடக்கிறது. எச்டிஎம்ஐயில் ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை அதே கேபிளில் சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ திருப்பி அனுப்பும் வசதி, இருந்தும் பலர் ஆப்டிகல் கேபிளை மாட்டுகிறார்கள். ஆப்டிகல் வழியாக இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி), சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவை போகும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பி அட்மாஸ் போகாது. ஸ்ட்ரீமிங் ஆப்களில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸில் வருகிறது, அதற்கு ஏஆர்சி போதும். புளூரே வட்டில் இருக்கும் ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லாத ஒலியை டிவி வழியாகக் கொண்டுபோக, ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். அது எச்டிஎம்ஐ 2.1 உடன் 2017இல் வந்தது. டிவியில் எச்டிஎம்ஐ துளைகள் நாலு இருந்தாலும் ஏஆர்சி பொதுவாக ஒன்றில்தான் இருக்கும், பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். புது டிவிக்குக் கேபிள் எடுப்பதானால் அல்ட்ரா ஹை ஸ்பீட் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் போதும், அதே நீளத்தில் பல மடங்கு விலை சொல்லும் கேபிள் ஒலியைக் கூடுதலாக மாற்றிவிடாது.

தங்க முலாமும் அப்படித்தான். துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு ஒரே நீளத்தில் ஒயர் வெட்ட வேண்டும் என்பதும் தேவையில்லாத கவலை. ஒரு மீட்டர் வித்தியாசத்தில் மின்சிக்னல் தாமதமாவது சில நானோ வினாடிகள், எந்தக் காதுக்கும் அது எட்டாது.

சப்வூஃபருக்கு ஷீல்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறை) உள்ள ஆர்சிஏ கேபிள் ஒன்று போதும். ஆனால் அதைப் பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் உறுமல் கேட்கலாம். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்க விடுங்கள்.

மாட்டும்போது அவசரம் கூடாது. ஒயர் முனையில் பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ஷார்ட் ஆகும், ரிசீவர் புரொடெக்ட் காட்டி அணைந்துவிடும். இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள், அல்லது ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போடுங்கள். பிளஸ், மைனஸையும் கவனியுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும், ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடாது. ஒயரின் ஒரு பக்கத்தில் ஓடும் கோடோ எழுத்தோ இதற்காகத்தான் இருக்கிறது.

சுவருக்குள் ஒயர் போகிறதென்றால், சுவருக்குள் பயன்படுத்தத் தகுந்தது என்று தரம் குறித்த ஒயரையே வாங்குங்கள், அதைக் குழாய்க்குள் விடுங்கள். நீளமான ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனை கருவிக்கு, மறு முனை டிவிக்கு. சில கேபிள்களில் ஏஆர்சி வேலை செய்யாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பூசி மூடும் முன்பே மாட்டிப் படமும் ஒலியும் வருகிறதா என்று சோதித்துவிட்டு, பிறகு வேறு கேபிள் இழுக்க வசதியாகக் குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள்.